பற்களும் தழும்புகளும்: மறைந்துபோன சிப்பிகளை வகைப்படுத்துதல்

செவுள் கல்லாவதில்லை. காலும் குடலும் இதயமும்கூடக் கல்லாவதில்லை. சிப்பி போன்ற ஈரோட்டு (இரண்டு ஓடுகள் கொண்ட) மெல்லுடலி ஒன்று இறந்து சேற்றில் புதையும்போது, உயிரியலாளர் உறவுமுறை கணிக்க நம்பியிருக்கும் உறுப்புகளில் பெரும்பகுதி அழுகிப் போய்விடுகிறது. எஞ்சுவது இரண்டு சுண்ணாம்பு ஓடுகள். பல வேளைகளில் ஒன்றே ஒன்று, அதுவும் விளிம்பு உடைந்தது. இந்த ஓட்டை வைத்துக்கொண்டு, ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு கொண்ட ஒரு வகுப்பை வரிசைகளாகவும் குடும்பங்களாகவும் பேரினங்களாகவும் பிரித்தாக வேண்டும் என்பதுதான் தொல்லுயிரியலாளர் முன் நிற்கும் வேலை.

இந்த ஓடுகளைப் பார்ப்பதிலும் வரைவதிலும், அவற்றுக்குப் பெயரிட்டவர்களின் கட்டுரைகளைப் படிப்பதிலும் நெடுங்காலம் செலவிட்டவன் என்ற முறையில் எனக்கு ஒரு கருத்து உறுதிப்பட்டிருக்கிறது. அழிந்துபோன சிப்பிகளின் வகைப்பாட்டில் கீழ்த்தளம் திடமாக இருக்கிறது, மேல்தளம் ஆடிக்கொண்டே இருக்கிறது. ஓட்டில் இருக்கும் ஒரு பண்பை வைத்துக் கட்டிய குழுக்கள் பெரும்பாலும் நிலைத்துவிடுகின்றன; ஓட்டில் இல்லாத ஒன்றை அடையாளமாகக் கொண்டு கட்டியவை ஒவ்வொரு தலைமுறையிலும் சரிந்து விழுகின்றன.

ஓடு சொல்லும் செய்திகள் குறைவென்று எண்ணிவிடக் கூடாது. இரண்டு ஓடுகளும் சேரும் மேல்விளிம்பில் கீல் இருக்கிறது. அதில் பற்களும், எதிர் ஓட்டின் பற்கள் புகுந்து அமரும் குழிகளும் இருக்கின்றன. ஓடுகளைத் திறக்கும் இணைநார் பெரும்பாலும் மறைந்துவிட்டாலும் அது பதிந்திருந்த பள்ளம் எஞ்சுகிறது. உள்முகத்தில் ஓடுகளை இழுத்து மூடிய தசைகளின் தழும்புகள் இருக்கின்றன. மேன்டில் என்னும் மென்படலம் ஒட்டியிருந்த கோடும் உண்டு. அந்தக் கோடு பின்புறத்தில் உள்நோக்கி வளைந்திருந்தால், உள்ளிழுத்துக்கொள்ளத்தக்க நீர்க்குழாய்கள் அந்த உயிருக்கு இருந்தன என்றும், ஆகவே அது மணலுக்குள் புதைந்து வாழ்ந்திருக்கக்கூடும் என்றும் அறியலாம். ஒரு கோட்டின் வளைவிலிருந்து ஓர் உயிரின் வாழ்க்கை முறையை ஊகிக்க முடிவது எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது.

எந்தப் பண்பை முதன்மையாகக் கொள்வது என்பதில்தான் சண்டை. 1758-இல் லின்னேயஸ் இந்த வகுப்புக்குப் பெயரிட்டார். பிரெஞ்சு இயற்கையியலாளர் லமார்க் மூடுதசைகளின் எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு, இரு தசை உடையவை, ஒரு தசை உடையவை என்று பிரித்தார். அது எளிய பிரிவு. பின்தசை பெருத்து முன்தசை மறைந்துபோவது ஒன்றுக்கு மேற்பட்ட கிளைகளில் நிகழ்ந்திருக்கிறது என்பதால் நீண்ட நாள் தாங்கவில்லை. வியன்னாவில் பணியாற்றிய மெல்கியோர் நோய்மயர் 1883-இல் கீலின் அமைப்பை அடிப்படையாக்கினார். ஒரே மாதிரியான சிறு பற்கள் வரிசையாக நிற்பவற்றை டாக்ஸோடான்டா என்றும், பலவகைப் பற்கள் கலந்திருப்பவற்றை ஹெட்டெரோடான்டா என்றும் பிரித்தார். மெல்லிய ஓடும் பல்லற்ற கீலும் கொண்ட மிகப் பழைய வடிவங்களை மற்றவற்றுக்கெல்லாம் மூலமான தனிக் கூட்டமாக வைத்தார். ஏறத்தாழ அதே காலத்தில் பெல்ஜியத்தைச் சேர்ந்த பால் பெல்செனீர், உயிருள்ளவற்றின் உடலை அறுத்துப் பார்த்து, செவுளின் அமைப்பே உறவின் சான்று என்று வாதிட்டார். அன்று தொடங்கி வெகுகாலம் வரை தொல்லுயிரியலாளர் ஒரு வகைப்பாட்டையும், உயிருள்ளவற்றை ஆய்ந்தவர் வேறொரு வகைப்பாட்டையும் கையாண்டு வந்தனர். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

யார் சொன்னது சரி? இரண்டு எடுத்துக்காட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது என்பது தெரியும். நியூகுலா, ஆர்க்கா என்னும் இரு சிப்பிப் பேரினங்களின் கீலிலும் சீப்புப் பற்களைப் போலச் சிறு பற்கள் நெருங்கி நிற்கின்றன. நோய்மயர் இரண்டையும் டாக்ஸோடான்டாவில் சேர்த்தார். செவுளைப் பார்த்தாலோ இரண்டும் வெகுதூரத்தில் இருக்கின்றன. நியூகுலாவின் செவுள் சிறியது, பழைய அமைப்புடையது. உணவைச் சேகரிக்கும் வேலையை வாய்க்கருகிலுள்ள வேறு உறுப்புகள் செய்கின்றன. ஆர்க்காவின் செவுளோ நீரை வடிகட்டி உணவெடுக்கும் இழைச் செவுள். இன்றைய மரபணு ஆய்வுகள் ஆர்க்காவை முத்துச்சிப்பி, விசிறிச்சிப்பி ஆகியவற்றின் பக்கத்தில் நிறுத்துகின்றன. நியூகுலா முற்றிலும் வேறு துணை வகுப்பில் இருக்கிறது. இங்கே கீல் ஏமாற்றியது, செவுள் உண்மை சொன்னது.

டிரைகோனியாவில் கதை தலைகீழாகிவிடுகிறது. டைனோசர்கள் வாழ்ந்த ஜுராசிக், கிரெட்டேசியக் காலக் கடற்படிவுகளில் எங்கும் நிறைந்திருந்த இந்த முக்கோணச் சிப்பிகள் அடியோடு அழிந்துவிட்டன என்றே அறிஞர்கள் நம்பியிருந்தனர். 1802-இல் பிரெஞ்சுப் பயணக் குழு ஒன்றில் இருந்த பிரான்சுவா பெரோன், டாஸ்மேனியாவுக்கு அருகில் அவற்றின் இக்கால உறவு ஒன்றின் ஓட்டைக் கண்டெடுத்தார். லமார்க் 1804-இல் அதை விவரித்துப் பெயரிட்டார். இன்று நியோடிரைகோனியா என்னும் பேரினத்தில் உள்ள அவை ஆஸ்திரேலியக் கடல்களில் மட்டுமே வாழ்கின்றன. அவற்றின் உடலை ஆராய்ந்தபோது செவுள் எளிய இழை வகையாக இருந்தது. செவுளை நம்பியவர்கள் அவற்றை ஆர்க்காவுக்கும் கடல் மட்டிகளுக்கும் அருகில் வைத்தனர். கீலை நம்பியவர்களோ, குறுக்கே வரியோடிய அந்தப் பெரிய பற்களைக் கண்டு, நன்னீரில் வாழும் யூனியோ வகைச் சிப்பிகளின் பக்கத்தில் வைத்தனர். மரபணு ஆய்வு கீலின் பக்கம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது: டிரைகோனியாவும் யூனியோவும் பேலியோஹெட்டெரோடான்டா என்னும் ஒரே கிளையின் இரு கொப்புகள். இங்கே செவுள் ஏமாற்றியது.

ஆகவே, எந்த ஒரு பண்பையும் எல்லா இடத்திலும் அரசனாக்க முடியாது. ஒரு பல்வரிசை ஒரே மூலத்திலிருந்து வந்ததா, வெவ்வேறு இடங்களில் தனித்தனியே முளைத்ததா என்பதை ஒவ்வொரு முறையும் தனியாகத்தான் விசாரிக்க வேண்டியிருக்கிறது. உயிருள்ள உறவு ஒன்று எஞ்சியிருந்தால் அந்த விசாரணைக்குச் சாட்சி கிடைக்கும். முழுக் கிளையும் அழிந்துவிட்டால் சாட்சியே கிடையாது. அங்கேதான் உண்மையான தொல்லை தொடங்குகிறது.

அந்தத் தொல்லையைப் பெரிதாக்குவது வேதியியல். சிப்பி ஓடுகள் கால்சைட்டாலும் அரகோனைட்டாலும் ஆனவை. இரண்டும் கால்சியம் கார்பனேட்டின் வடிவங்களே என்றாலும், அரகோனைட் எளிதில் கரைந்துவிடும். விசிறிச்சிப்பிகள், ஆயிஸ்டர்கள் போன்று கால்சைட் மிகுந்த ஓடுடையவை நல்ல நிலையில் கிடைக்கின்றன. முழுக்க அரகோனைட்டால் ஆனவை பெரும்பாலும் வெற்று அச்சாகவே கிடைக்கின்றன. இங்கிலாந்தின் போர்ட்லாந்து கற்சுரங்கங்களில் டிரைகோனியா வகைச் சிப்பி ஒன்றின் உள்அச்சுகள் ஏராளமாகக் கிடைக்கும். அவற்றின் வடிவத்தைக் கண்டு சுரங்கத் தொழிலாளர்கள் குதிரைத்தலை என்று பெயர் வைத்திருந்தனர். அப்படிப்பட்ட அச்சில் எல்லாமே புரண்டு தெரியும்: ஓட்டில் பள்ளமாக இருந்த தசைத் தழும்பு இங்கே மேடாக நிற்கும், பல் இருந்த இடத்தில் பிளவு இருக்கும். அந்தப் பிளவில் ரப்பர்ப் பாலை ஊற்றி, உறைந்தபின் பதமாக உரித்தெடுத்தால், பல கோடி ஆண்டுகளுக்கு முன் கரைந்துபோன பல் ரப்பரில் மீண்டும் உருவாகி வரும். படம் பிடிப்பதற்கு முன் அம்மோனியம் குளோரைடின் வெண்புகையை மெல்லிதாகப் படியவிட்டால், வரிகள் ஒவ்வொன்றாக எழுந்து நிற்கும். சுண்ணாம்புக்கல்லில் ஓட்டைச் சிலிக்கா பதிலீடு செய்திருந்தால் இன்னும் வசதி. அமிலத்தில் கல்லைக் கரைத்துவிட்டால் கீல் முழுதாகக் கையில் வந்துவிடும். டெக்சஸின் பெர்மியன் படிவுகளில் கிடைத்த அத்தகைய ஓடுகள் அந்தக் காலத்துச் சிப்பிகளைப் பற்றிய அறிவையே மாற்றிவிட்டன.

இவ்வளவும் தெரிந்த பிறகு, பல்லற்றவை என்று ஒரு குழு அமைப்பதில் உள்ள ஆபத்து விளங்கும். ஓர் ஓட்டில் பல் தெரியாமல் இருக்க மூன்று காரணங்கள் உண்டு. மூதாதையருக்கே பல் இல்லாதிருக்கலாம்; பல் இருந்து பின்னர் மறைந்திருக்கலாம்; பல் இருந்தும் மெல்லிய அரகோனைட்டோடு சேர்ந்து கரைந்திருக்கலாம். வளர்ந்த ஆயிஸ்டரின் கீலில் பல் இல்லை. ஆனால் அதன் இளவுயிரியின் நுண்ணோட்டில் சிறு பற்கள் இருக்கின்றன. ஆக, ஆயிஸ்டர் இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

அமெரிக்கரான நார்மன் நியூவெல் 1965-இல் முன்வைத்த வகைப்பாடு, 1969-இலும் 1971-இலும் வெளியான முதுகெலும்பற்ற தொல்லுயிர்களின் பெருங்கையேட்டில் அடிப்படையானது. அதிலிருந்த ஆறு துணை வகுப்புகளில் ஒன்று கிரிப்டோடான்டா. மெல்லிய ஓடும் பல்லற்ற கீலும் கொண்ட பேலியோஸோயிக் (டைனோசர்களுக்கு முந்திய தொல்லுயிர் ஊழி) வடிவங்கள், செக் நாட்டுப் பொகீமியாவின் சிலூரியன் காலச் சுண்ணாம்புக்கற்களில் குவிந்து கிடக்கும் கார்டியோலா, பிரெகார்டியம் முதலியன, அதில் இருந்தன. இன்றும் வாழும் சோலெமையாவும் உடன் இருந்தது. இடம் தெரியாத பொருளையெல்லாம் பரணில் ஏற்றி வைப்பது போன்ற ஏற்பாடு அது என்பதே என் கருத்து. சோலெமையாவின் செவுளும் பிற உறுப்புகளும் அது நியூகுலாவின் பக்கத்தைச் சேர்ந்தது என்று தெளிவாகக் காட்டியதும் அது இறங்கிப் போய்விட்டது. சாட்சி சொல்ல ஆளில்லாத அழிந்த வடிவங்கள் மட்டும் மேலே தங்கிவிட்டன.

அந்தப் பரணில் இனோசெராமஸையும் ஏற்ற வேண்டும் என்று 1998-இல் ஒரு வாதம் எழுந்தது. கிரெட்டேசியக் கடல்களின் அடையாளமே இனோசெராமஸ் குடும்பந்தான். அவற்றுள் பிளாட்டிசெராமஸ் போன்றவை மூன்று மீட்டர் வரை வளர்ந்தன. ஓட்டின் வெளியடுக்கு கால்சைட்டுப் பட்டகங்களால் ஆனது. உடைந்த விளிம்பை உருப்பெருக்கியில் பார்த்தால், அந்தப் பட்டகங்கள் ஓட்டின் பரப்புக்குச் செங்குத்தாக, வைக்கோற்போரின் தாள்களை நிமிர்த்தி வைத்தாற்போல நிற்பதைக் காணலாம். ஓடு சிதைந்தபின் தனித்தனிப் பட்டகங்கள் சுண்ணக்கட்டிப் பாறைகளில் பரவிக் கிடக்கின்றன. கீலோரத்தில் இணைநார் பதிந்த குழிகள் வரிசையாக உள்ளன. அந்த வரிசையையும், உள்ளடுக்கிலுள்ள முத்துப்பொருளையும் கண்டு, முத்துச்சிப்பிக்கு உறவான ஐசோக்னோமான் பக்கத்தில் அதை வைப்பதுதான் வழக்கம். ஜான்ஸ்டன், காலோம் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த ஒற்றுமை மேலோட்டமானது என்றும், இனோசெராமஸ் கிரிப்டோடான்டாவைச் சேர்ந்தது என்றும் வாதிட்டனர். எனக்கு அந்த முடிவு ஏற்புடையதாக இல்லை; ஆயினும் அவர்கள் எழுப்பிய கேள்வி, குழிகளின் வரிசை ஒருமுறைதான் தோன்றியதா என்பது, நியாயமான கேள்விதான்.

துணை வகுப்பு எது என்றே சண்டை ஓயாத இந்த உயிரின் சிற்றினங்களை வைத்துத்தான் உலகம் முழுவதும் புவியியலாளர் காலத்தை அளக்கின்றனர். கிரெட்டேசியத்தின் உட்பிரிவான சான்டோனியன் காலக்கட்டத்தின் தொடக்கம், இக்குடும்பத்தைச் சேர்ந்த கிளாடோசெராமஸ் உண்டுலாட்டோப்ளிக்காட்டஸின் முதல் தோற்றத்தால் குறிக்கப்படுகிறது. அந்தத் தொடக்கத்தைக் குறிக்க உலகெங்கும் ஏற்கப்பட்ட பாறை எல்லைப் புள்ளி ஸ்பெயினின் ஓலாசகுட்டியாவில் இருக்கிறது. அதற்கு முந்திய கோனியாசியனின் தொடக்கத்தை கிரெம்னோசெராமஸ் டெஃபார்மிஸ் எரெக்டஸ் குறிக்கிறது. அந்த எல்லைப் புள்ளி ஜெர்மனியின் சால்ஸ்கிட்டர்-சால்டரில் 2021-இல் ஏற்கப்பட்டது. சிற்றினத்தை அடையாளம் காண்பதில் வல்லுநர்களுக்குத் தடுமாற்றம் குறைவு. வளர்ச்சி மடிப்புகளின் இடைவெளி, ஓட்டின் புடைப்பு, கீலோரத்தின் நீளம் ஆகியவை கண்முன்னே இருக்கின்றன. மேலே ஏறஏறத்தான் சான்று மெலிந்துகொண்டே போகிறது. கீழ்த்தளம் திடம், மேல்தளம் ஆட்டம் என்று நான் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

ரூடிஸ்டுகள் என்னும் அழிந்த சிப்பிக் கூட்டத்தின் கதை வேறுவிதம். ஓர் ஓடு கூம்பாக அல்லது கொம்பாக நீண்டு, மற்றது வெறும் மூடியாகச் சுருங்கிவிட்ட இவற்றைப் பார்த்தால் சிப்பி என்ற எண்ணமே வராது. 1781-இல் பிக்கோ தெ லாப்பெய்ரூஸ் இவற்றை விவரித்தபோது, நேரான ஓடுடைய தலைக்காலிகளின் (கணவாயின் உறவுகள்) இனமான ஆர்த்தோசெராட்டைட்டுகளோடு சேர்த்தார். இவற்றை ஈரோட்டு உயிரிகள் என்று நிலைநாட்டியதும் கீல்தான்: மூடியைக் கவனமாக விடுவித்துப் பார்த்தால், அதிலிருந்து நீண்ட பற்கள் இறங்கிக் கூம்பினுள்ளிருக்கும் குழிகளில் அமர்கின்றன. வடிவம் எவ்வளவு திரிந்தாலும் பற்களும் குழிகளும் மூலத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டன. டெவோனியன் காலத்திலேயே வாழ்ந்த தடித்த ஓட்டுச் சிப்பியான மெகலோடான் வழியில் வந்தவை இவை என்ற கருத்தும் கீலின் ஒப்பீட்டிலிருந்தே பிறந்தது. (மெகலோடான் என்ற பேரினப் பெயரை இந்தச் சிப்பி 1827-லேயே எடுத்துக்கொண்டது; புகழ்பெற்ற அந்தச் சுறா அப்பெயரைச் சிற்றினப் பெயராக மட்டுமே சுமந்துகொண்டு திரிகிறது.)

ரூடிஸ்டுகளின் உட்பிரிவில் எந்த ஓட்டால் ஒட்டிக்கொண்டன என்பது முதன்மைப் பண்பு: ரெக்வியெனியா இடது ஓட்டாலும், ஹிப்புரைட்டஸும் ரேடியோலைட்டஸும் வலது ஓட்டாலும் தரையில் ஒட்டி வளர்ந்தன. களத்தில் இவை பெரும்பாலும் பாறையின் வெட்டுமுகத்தில் வட்டங்களாகவே தெரிவதால், குறுக்குவெட்டைக் கொண்டே பேரினத்தைச் சொல்லப் பழக வேண்டும். சுவர் உள்ளே மடிந்து இரண்டு தூண்களாகத் துருத்திக்கொண்டிருந்தால் ஹிப்புரைட்டஸ் வகை. சுவரில் நுண்ணறைகள் வலைபோல நிறைந்திருந்தால் ரேடியோலைட்டஸ் வகை. ஓமானில் கிடைத்த டோரெய்ட்டஸ் என்னும் ரூடிஸ்டின் ஓட்டில் நாள்தோறும் படிந்த அடுக்குகளை ஆராய்ந்தவர்கள், ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆண்டுக்கு 372 நாட்கள் இருந்தன என்று 2020-இல் கணக்கிட்டனர். வகைப்பாட்டுக்கு இதனால் பயன் குறைவுதான். சொல்லாமல் விட மனம் வரவில்லை. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேசியத்தின் முடிவில், ரூடிஸ்டுகள் ஒன்றுகூட எஞ்சாமல் மறைந்தன.

ஆயிஸ்டர்களிடம் வரும்போது புற வடிவத்தை நம்பவே முடியாது. கீழ் ஜுராசிக் படிவின் கிரைஃபியா என்னும் ஆயிஸ்டர் ஒன்றைக் கையிலெடுத்தால், தடித்த இடது ஓடு கொக்கிபோல உள்நோக்கிச் சுருண்டிருக்கும். வலது ஓடு தட்டையாக அதன்மேல் பொருந்தியிருக்கும். இந்தச் சுருளை அளந்துதான் டிரூமன் 1922-இல், தட்டையான ஆயிஸ்டரிலிருந்து கிரைஃபியா படிப்படியாகத் திரண்டது என்று எழுதினார். ஹாலம் 1959-இல் அதே இனங்களை மீண்டும் அளந்து அதை மறுத்தார். சுருளைவிட நம்பத்தக்கது உள்ளே இருக்கிறது. ஊசியால் களிமண்ணைச் சுரண்டி எடுத்தால் ஒற்றை மூடுதசையின் தழும்பு தெரியும். அது வட்டமாக, கீலுக்குச் சற்று அருகில் இருந்தால் கிரைஃபியா குடும்பம். சிறுநீரக வடிவில் வளைந்திருந்தால் ஆஸ்ட்ரியா குடும்பம். புறத்திலுள்ள வரிகள் ஏமாற்றவும் செய்யும்: ஆயிஸ்டர் ஓர் அம்மோனைட்டின்மேல் (சுருள் ஓடுடைய அழிந்த தலைக்காலி) ஒட்டி வளர்ந்திருந்தால், அந்த அம்மோனைட்டின் வரிகளே ஒட்டாத மேலோட்டிலும் அச்சாகப் பதிந்துவிடும். அந்த வரியை இனப்பண்பு என்று கொண்டு புதுப் பெயர் சூட்டினால், பெயரிட்டது அம்மோனைட்டுக்குத்தான்.

பெயரிடல் விதிகளும் மேல்தளத்தின் ஆட்டத்துக்கு ஓரளவு காரணம். விலங்குப் பெயரிடலுக்கான பன்னாட்டு விதித்தொகுப்பு சிற்றினம், பேரினம், குடும்பம் ஆகிய நிலைகளையும் பெருங்குடும்பத்தையும் கட்டுப்படுத்துகிறது. முதலில் இட்ட பெயருக்கு முன்னுரிமை, பெயருக்கு ஆதாரமான மூலமாதிரி எல்லாம் அங்கே செல்லும். வரிசைக்கும் துணை வகுப்புக்கும் அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே ஒரே கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயரும் எல்லையும் வைத்துக்கொள்ள முடிகிறது. 2010-இல் பூஷே முதலியோர் குடும்பப் பெயர்களையெல்லாம் திரட்டி ஒழுங்கு செய்தனர்; 2011-இல் கார்ட்டர் தலைமையில் பலர் சேர்ந்து, அழிந்தவற்றையும் வாழ்பவற்றையும் ஒரே அட்டவணையில் வைத்தனர். கீல், இணைநார், ஓட்டின் நுண்ணமைப்பு எல்லாம் அதில் சேர்த்துப் பார்க்கப்பட்டன. அழிந்த கூட்டங்களுக்கு நம்பத்தக்க புதுச் சான்று நுண்ணமைப்பிலிருந்துதான் வர வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. முத்துப்பொருளா, பட்டகமா, குறுக்கடுக்கா என்பதை மெல்லிய சீவலில் பார்க்க முடியும். புறவடிவம் எவ்வளவு திரிந்தாலும் அது எளிதில் மாறுவதில்லை.

இவை எல்லாவற்றுக்கும் அடியில், ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட கேம்பிரியன் கால ஓடுகள் இருக்கின்றன. பர்ராண்ட் 1881-இல் பெயரிட்ட ஃபோர்டில்லா, 1973-இல்தான் மிகப் பழைய ஈரோட்டு உயிரியாக நிறுவப்பட்டது. தெற்கு ஆஸ்திரேலியாவின் போஜெட்டையா 1980-இல் விவரிக்கப்பட்டது. இரண்டும் சில மில்லிமீட்டர் அளவே. அதே பத்தாண்டுகளில், 1972-இல், போஜெட்டா, ரன்னெகர் முதலியோர், கொனோகார்டியம் போல அதுவரை சிப்பிகளாக எண்ணப்பட்ட சில உயிர்களைப் பிரித்தெடுத்து ராஸ்ட்ரோகாங்கியா என்று தனி வகுப்பாக்கினர். உண்மையான கீல் அவற்றுக்கு இல்லை. போஜெட்டையாவின் கீலில் பல் உண்டு. நோய்மயரின் கணக்குப்படி மிகப் பழையவை பல்லற்றவையாக இருந்திருக்க வேண்டும். மிகப் பழையவற்றிலேயே பல் இருக்கிறது என்றால், பேலியோஸோயிக் காலத்துப் பல்லற்ற ஓடுகளை முன்னோர் வரிசையில் வைக்க இயலாது. ஒவ்வொன்றும் எந்தப் பல்லுள்ள கிளையிலிருந்து பிரிந்து பல்லை இழந்தது என்று தனித்தனியே காட்டியாக வேண்டும். பிரெகார்டியம் கூட்டத்துக்கு அந்த வேலை இன்னும் முடியவில்லை.